செண்பகவல்லி அம்மையார் வண்டியை நிறுத்தினார்

சொல்லப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் தடுமாறிவிடுவேன்.

1. செண்பகவல்லி அம்மையார் இறந்த செய்தி வந்த விதம்.
2. அவர் கார் ஓட்டிய விதம், குறிப்பாகப் பனிமூட்டத்தில்.
3. மெதுவாகப் போனதால்தான் அவர் இறந்தார் என்ற பேச்சு பொய்.
4. பனி அவரைக் கொன்றது என்ற பேச்சும் பொய்.
5. அவர் வண்டியை மோதியவன் நம்மைப் போன்றவன் அல்ல. அவன் வேறு ரகம்.

நம் தமிழ்ச் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் பேசுவதற்காக நான் எழுந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒலிவாங்கிவரை போய்விட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். துக்கம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொடுத்தார். பாதி துக்கம்தான். மீதி கோபம். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. சிறு வயதிலிருந்தே அப்படி. அதனால் சங்க மலருக்கு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அம்மையாரை அறிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். அறியாதவர்களுக்காக ஒன்று: அவர் கோவில்பட்டிக்காரர். இந்தத் தெலுங்கு நகரத்தின் ஓரம், பட்டான்செருவுக்கு அப்பால் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதே நிறுவனத்தில் நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். இருவருக்கும் வீடு சைனிக்புரியில்.

செய்தியைச் சொன்னவர் எங்களோடு வேலை பார்த்த பத்மநாபன். காலையில் தொலைபேசி அடித்தது.

"சார், நம்ம மேடம் போயிட்டாங்க. ரிங் ரோட்ல ஆக்சிடென்ட். ஒரே பனியாம்."

"யார் ஓட்டினது?" என்று கேட்டேன்.

"மேடம்தான் ஓட்டிட்டுப் போயிருக்காங்க."

"அப்படின்னா இருக்காது" என்று சொல்லி தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் மறுபடி அழைத்தார். நான் எடுக்கவில்லை. அவர் மறுபடி அழைத்ததிலேயே அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சற்று நேரத்தில் தெலுங்குத் தொலைக்காட்சியில் அவருடைய வெள்ளை மாருதி காரைக் காட்டினார்கள். முன்புறம் அப்படியே இருந்தது. பின்புறம் முன்னிருக்கைவரை வந்திருந்தது. கீழே ஓடிய எழுத்து, பனிமூட்டம் ஒரு பெண்மணியைப் பலி வாங்கியது என்றது.

பட்டான்செரு பக்கம் புதுக் குடியிருப்பில் இருந்த மகன் குமரேசன் வீட்டில் அவர் ஒரு வாரமாகத் தங்கியிருந்தார். மதுரையிலிருந்து வரும் தங்கையை அழைத்துவர அதிகாலையில் விமான நிலையத்துக்குப் புறப்பட்டார். ஊரைச் சுற்றிப் போகும் சுங்க அதிவேகச் சாலையான ரிங் ரோட்டில் இடது ஓரத் தடத்தில் அவருடைய வண்டி நின்றிருந்தபோது பின்னால் வந்த கம்பெனி கேப் ஒன்று மோதியது. பேருந்துகளில் போகிற வயதானவர்களுக்காகச் சொல்கிறேன், கேப் என்றால் மென்பொருள் கம்பெனிகளில் வேலை செய்பவர்களை ஏற்றி இறக்கும் வாடகை வண்டி. காவல்துறை சொன்னதாகப் பத்திரிகையில் இரண்டு தகவல்கள் வந்தன. காரணம் எதுவுமின்றி வண்டியை வழியில் நிறுத்தினார் என்பது ஒன்று. சீட் பெல்ட் அணியவில்லை என்பது இன்னொன்று. இவ்வளவுதான் எனக்கு அன்று தெரியும்.

இரண்டாவது தலைப்புக்கு வருகிறேன்.

அலுவலகப் பேருந்து எங்கள் பகுதிக்கு வருவது நின்றபோது நாங்கள் மூன்று பேர் அம்மையாரின் காரில் பெட்ரோல் பகிர்ந்துகொண்டு போகத் தொடங்கினோம். அவர் ஓட்டுவார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய், எதிரே வந்த கோழி வண்டியைப் பார்த்துக் கண்களை மூடிக்கொண்டதோடு அந்த முயற்சி முடிந்தது. ஆகவே நான் முன்னால் அவருக்கு இடப்பக்கம். சம்பளப் பிரிவுப் பத்மநாபன் பின்னால். அந்த இடது இருக்கைக்கு ஒரு வேலை உண்டு என்பது முதல் பனிக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

போலாரத்தைத் தாண்டி ஏரிக்கரைச் சாலையில் ஏறியதும் பனி வெள்ளையாக இறங்கிவிட்டது. அவர் வேகத்தைக் குறைத்தார். வானொலியை அணைத்தார். "ரெண்டு பேரும் கண்ணாடிய இறக்குங்க" என்றார்.

பத்மநாபன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, "மேடம், எனக்கு சைனஸ் இருக்கு" என்றார்.

"காது இருக்குல்லா? அது கொஞ்சம் பாக்கட்டும்" என்றார் அம்மையார். பிறகு என்னிடம், "சார், என்ன தெரியுதோ சொல்லிக்கிட்டே வாங்க. நெனக்கத சொல்லாதீங்க, தெரியுதத மட்டும்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. மெல்லிய குரலில், "சைக்கிள். பால்காரர். மாடு இரண்டு. ஒரு விளக்கு, லாரி மாதிரி..." என்றேன். "மாதிரி வேண்டாம்" என்றார் உடனே. "ஒரு விளக்கு" என்று திருத்திக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் கழித்துச் சொன்னார். அவருடைய கணவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். ஓய்வு பெற்றுச் சைனிக்புரியில் வீடு கட்டிய சில வருடங்களில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அம்மையார் கார் ஓட்டப் படித்தார். கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சாலையில் தெரிவதையெல்லாம் அவருக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாராம். "சொல்லச் சொல்லத்தான் சார் எனக்கே தெரிய ஆரம்பிச்சுது. வாயத் தெறக்காம இருந்தப்போ பாதிய நான் பாக்கவே இல்ல" என்றார். கணவர் காலமானதும் இருக்கை காலியானது. அதில் நான் உட்கார்ந்தேன்.

பனி அதிகமாகிவிட்டால் அவர் ஓட்டமாட்டார். பெட்ரோல் பங்க், கோவில் வாசல், மரக்கடை என்று எதுவாக இருந்தாலும் சாலையைவிட்டு முழுதாக உள்ளே போய் நிறுத்திவிடுவார். ஒருமுறை பட்டான்செருவுக்குச் சற்று முன்னால் ஒரு பங்கில் அப்படி நின்றோம். அங்கே பனியோடு ஆலைப் புகையும் கலந்து மூக்கை எரித்தது. அலுவலகத்தில் வருகைப் பதிவு நேரம் கடந்துகொண்டிருந்தது. பத்மநாபன் கீழே இறங்கி நடந்தார், ஏறினார், மறுபடி இறங்கினார்.

"மேடம், எல்லாரும் போறாங்க பாருங்க. நமக்கு மட்டும் என்ன? அரை நாள் லீவு போயிடும்."

"அரை நாள் லீவுதான போவுது? ஆளு முழுசா இருக்கீங்கள்லா."

"எல்லாரும் போறாங்களே!"

"யாரு போறான்னு தெரியுதா ஒங்களுக்கு? சத்தம்தான கேக்குது."

பத்மநாபன் ஏறி உட்கார்ந்தார். அவருக்கும் எனக்கும் அன்று அரை நாள் விடுப்பு போனது. அம்மையார் தனக்குப் போனதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தப் பங்கில் நின்றிருந்தபோதுதான் நாலு விளக்குப் பேச்சு வந்தது. எங்களைக் கடந்துபோன கார்கள் எல்லாவற்றிலும் முன்னும் பின்னுமாக நாலு மஞ்சள் விளக்குகளும் மின்னிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அது ஊரில் பரவத் தொடங்கியிருந்தது. புதுக் கார்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி வந்துகொண்டிருந்த வருடங்கள். பனி என்றால் நாலு விளக்கு, மழை என்றால் நாலு விளக்கு, நாற்சந்தியில் நேரே போகிறேன் என்பதற்கும் நாலு விளக்கு. "நாமும் அதப் போட்டுக்கிட்டுப் போலாமே மேடம், பாதுகாப்புத்தானே" என்றார் பத்மநாபன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அம்மையார் திரும்பி உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "அது நிக்க வண்டிக்கு உள்ளது சார். கெட்டுப்போய் நிக்கேன், சுத்திப் போங்கன்னு சொல்லுதுக்கு. ஓடுத வண்டியெல்லாம் அதப் போட்டுக்கிட்டா, நெசமா நிக்கவன் என்னத்தப் போடுவான்?"

இதை நான் அன்று ஒரு நல்ல தர்க்கமாக மட்டும் ரசித்தேன்.

அவருக்குக் கோபமே வராது என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். காரில் அவரோடு போயிராதவர் அவர். தார்ச் சாலையில் பழுதாகி நிற்கும் லாரிக்காரர்கள், பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கையாகப் பெரிய கற்களை வரிசையாக வைப்பார்கள். பழுது தீர்ந்ததும் கற்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிக் கிடக்கும் கற்களைக் கண்டால் அம்மையார் வண்டியை ஓரங்கட்டாமல் போகமாட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கல்லில் கை வைப்பார். "எந்த மூதி போட்டுட்டுப் போனான் இத? லாரிக்குக் காவல் வச்சான், மனுசனுக்கு யாரு காவல்?" என்று திட்டிக்கொண்டே புரட்டுவார். நானும் ஒரு சிறிய கல்லைத் தேர்ந்துகொள்வேன். பத்மநாபன் மீசையைத் தடவியபடி காரில் சாய்ந்து நிற்பார். "மீச நல்லாத்தான் இருக்கு சார். அதுக்கொரு கல்லு தூக்கக் குடுத்துப் பாருங்க" என்பார் அம்மையார். பத்மநாபனும் வந்து தூக்குவார். அவரையும் சொல்ல வேண்டும், தூக்கினால் பெரிய கல்லைத்தான் தூக்குவார்.

ஓய்வு பெறும் வருடத்தில் நடந்தது இன்னொன்று. முன்விளக்கை உச்சத்தில் வைத்துக்கொண்டு ஒரு கேப் எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒலி எழுப்பியபடி வந்தது. சிக்னலில் நின்றதும் அம்மையார் இறங்கிப் போய் அதன் ஜன்னலைத் தட்டினார். நான் என் இருக்கையில் இன்னும் கீழே சரிந்து உட்கார்ந்தேன்.

"கைக்கு இத்னா ஜல்தி பேட்டா?" என்றார். ஏன் இத்தனை அவசரம் என்று.

"லாகின் டைம் மேடம்" என்றான் அவன். உள்ளே பின்னிருக்கைகளில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மையார் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லாகின் பண்ண இந்தக் கையெல்லாம் வேணும்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார். அவனுக்குப் புரிந்திருக்காது. தூங்கியவர்களில் ஒரு பெண் கண் திறந்து சிரித்தாள்.

அவர் ஓட்டுவதைப் பற்றிச் சொன்ன ஒரே இலக்கணம் இது: "தெரியுத தூரத்துக்குள்ள நிக்க முடியணும். அம்புட்டுதான் சார் டிரைவிங்கு."

இனி மூன்றாவது. இரங்கல் கூட்டத்தில் பத்மநாபன் பேசினார். நண்பர்தான். கண்ணீரோடுதான் பேசினார். "மேடத்துக்கு எல்லாத்துலயும் நிதானம். அந்த நிதானமே கடைசியில எமனா வந்துடுச்சு. எக்ஸ்பிரஸ் ரோட்ல நாப்பதுல போனா, பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்? வயசானவங்க இந்த ரோட்ல ஓட்டலாமான்னு நாம யோசிக்கணும்" என்றார். அவையில் பல தலைகள் ஆடின. முதல் வரிசையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த குமரேசனின் தலையும் ஆடியது. அதைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். அதைப் பார்த்ததால்தான் பேச முடியாமலும் போனது.

பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்? அவனும் மெதுவாக வருவான். வேறென்ன பண்ண வேண்டும்? எதிரே பத்தடி தெரியாத ஒருவன் வேகமாகப் போகிறான் என்றால், தெரியாத சாலை முழுவதும் தனக்காகக் காலியாக இருக்கிறது என்று நம்பிப் போகிறான். காலியாக இருக்கும் என்று அவனிடம் சொன்னது யார்? அங்கே அடிபட்ட மாடு கிடக்கலாம். விபத்தில் சிக்கிய இன்னொருவர் தவழ்ந்துகொண்டிருக்கலாம். அவர்களும் மெதுவாக இருந்த குற்றத்துக்காகச் சாக வேண்டியவர்களா? வேகமாகப் போனவன் பிழைத்துக்கொண்டு, பார்த்துப் போனவர் செத்துவிட்டால், பார்த்துப் போனதுதான் பிழை என்று எழுபது எண்பது படித்த மனிதர்கள் தலையாட்டுகிறோம். நம்மில் பெரும்பாலோர் அளவுகளோடும் கருவிகளோடும் வாழ்ந்தவர்கள். ஒரு திருகாணி நூலளவு பிசகினால் திருப்பி அனுப்பியவர்கள். சாலைக்கு வந்தால் மட்டும் நம் கணக்கு ஏன் இப்படித் தலைகீழாகிறது? நான் சற்றுக் கடுமையாக எழுதுவதாகத் தோன்றினால் மன்னிக்க வேண்டும். நேரில் சொல்லத் திராணி இருந்திருந்தால் இன்னும் பணிவாகச் சொல்லியிருப்பேன்.

நான்காவது. பனி பலி வாங்கியது என்று எழுதுகிறார்கள். மார்கழி வந்தால் பனி இறங்கும், ஏரிப் பக்கம் கூடுதலாக இறங்கும் என்பது இந்த ஊரில் நாய்க்கும் தெரியும். பனி யாரையும் துரத்திக்கொண்டு வருவதில்லை. தன்னைத் தானே மறைத்துக்கொள்வதும் இல்லை. நான் இருக்கிறேன், பார்க்க முடியாது, நில் என்று முகத்துக்கு நேரே நிற்கிறது. அதற்குள் முன்விளக்கை உச்சத்தில் போட்டு எதிரே வருபவனைக் குருடாக்குகிறவன் மனிதன். பின்விளக்கு உடைந்த லாரியை ஓரம்கூடக் கட்டாமல் நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைக்கிறவன் மனிதன். சுங்கம் வாங்கத் தெரிந்தவர்களுக்குப் பனி நாளில் நுழைவாயிலை மூடத் தெரியவில்லை, அவர்களும் மனிதர்கள்தான். பழியைப் பனிமீது போட்டுவிட்டால் எல்லோருக்கும் வசதி. பனிமீது வழக்குப் போட முடியாது. வெயில் வந்ததும் அது போய்விடும்.

இதுவரை எழுதி முடித்திருந்தேன். ஐந்தாவதற்கு வேண்டிய சொற்களையும் தேர்ந்து வைத்திருந்தேன். நல்ல சொற்கள் அல்ல. அந்தக் கேப் ஓட்டுநரைத் தூக்கம் கெட்ட, குடித்த, உயிரின் விலை தெரியாத ஒருவனாக மனதில் வரைந்து முடித்திருந்தேன். அப்போது குமரேசன் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், நாளைக்கு ஸ்டேஷன் போணும். ஒரு ஸ்டேட்மென்ட்ல சைன் பண்ணணுமாம். தனியா போக ஒரு மாதிரி இருக்கு. நீங்க வர்றீங்களா?"

"என்ன ஸ்டேட்மென்ட்?"

"அம்மா ரீசனே இல்லாம நடுவுல நிறுத்திட்டாங்கன்னு. மிஸ்டேக் எங்க சைடுன்னு ஒத்துக்கிட்டா கேஸ் அதோட முடிஞ்சிடும்."

"உனக்கு அது சரியாகப் படுகிறதா?"

"தெரியல அங்கிள்." அவன் தரையைப் பார்த்தான். "ரிங் ரோட்ல யாராவது நிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. நான் கேப் புக் பண்றேன்னு சொன்னேன். கேக்கல."

அவன் தன் தாயின் பெயரைக் குற்றத்தோடு சேர்த்துக் கையெழுத்துப் போடப் போகிறான். தடுக்க என்னிடம் கோபம் இருந்தது, சான்று இல்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவனுடைய பெரிய காரில் போனோம். போலாரம் தாண்டியதும் பனி. குமரேசன் கையை நீட்டி ஒரு சிவப்பு முக்கோணத்தை அழுத்தினான். டிக் டிக் என்று கேட்கத் தொடங்கியது. எங்களுக்கு முன்னாலும் பக்கத்திலும் போன வண்டிகள் எல்லாவற்றிலும் நாலு விளக்குகளும் மின்னிக்கொண்டிருந்தன. நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"என்ன அங்கிள்?"

"ஒன்றுமில்லை. கொஞ்சம் மெதுவாக..."

"டோன்ட் வொரி. அதான் லைட் போட்டுட்டேன்ல."

நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காவல் நிலையத்தில் துணை ஆய்வாளர் மரியாதையானவர். எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். முதலில் அம்மையாரின் கைப்பையைக் கொடுத்தார். அது காருக்குள் இல்லையாம், சாலையோரக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் கிடந்ததாம். மோதிய வேகத்தில் பறந்திருக்கும் என்றார். குமரேசன் பையைத் திறந்தான். மூக்குக் கண்ணாடி அதன் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு கீறல் இல்லை.

நின்ற வண்டிக்குள் உட்காராதே, கம்பிக்கு அந்தப் பக்கம் போ என்பதும் அம்மையாரின் வழக்கம். வழியில் வண்டி பழுதாகி நின்றால் எங்களையும் அப்படித்தான் அனுப்புவார். புடவையோடு தடுப்பைத் தாண்ட வேண்டும் என்பதால் கண்ணாடியைக் கழற்றி வைத்து, இடது ஜன்னல் வழியே பையை முதலில் அந்தப் பக்கம் போட்டிருக்கிறார். இறங்குவதற்காகத்தான் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். இறங்குவதற்குள் கேப் மோதிவிட்டது. இதை நான் குமரேசனிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டான். 

அந்த ஓட்டுநர் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெயர் யாதகிரி. கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது. கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, படிய வாரிய தலை. நான் அவனிடம் தேடியது எதுவும் அவனிடம் இல்லை. துணை ஆய்வாளர் எழுதியிருந்ததைத் தெலுங்கில் வாசித்தார். காரணமின்றி நிறுத்தினார் என்ற இடம் வந்ததும் யாதகிரி எழுந்து நின்றான்.

"லாரி தா சார் சாம்னே" என்றான். முன்னால் ஒரு லாரி இருந்தது என்று.

"உட்காரு. உன் நன்மைக்குத்தான் இப்படி எழுதியிருக்கிறது" என்றார் அவர்.

அவன் உட்காரவில்லை. அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "லாரி இருந்தது சார். பின்விளக்கு இல்லை. சுற்றிலும் கல் வைத்திருந்தான். அம்மா அதற்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள். மோதின சத்தம் கேட்டதும் லாரிக்காரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கல் மட்டும் கிடந்தது. ஆம்புலன்ஸ் வருகிறவரை நான் அந்தக் கல்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்."

நான் பொது இடங்களில் கேள்வி கேட்பவன் அல்ல. அன்று கேட்டேன். காரில் விளக்கு எரிந்ததா என்று.

"சாரோங் ஜல்ரே தே சார். காடி சல்ரி சம்ஜா மை."

நாலும் எரிந்துகொண்டிருந்தன. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவுதான் அவன் சொன்னது. பிறகு அவனே தொடர்ந்தான். "எல்லாரும் போட்டிருந்தார்கள். நானும் போட்டிருந்தேன். எனக்கு முன்னால் மூன்று நான்கு வண்டிகள் அப்படியே மின்னிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. இதுவும் அதில் ஒன்று, இதன் பின்னாலேயே போகலாம் என்று நினைத்தேன். கிட்டே போன பிறகுதான் இது நகரவில்லை என்று தெரிந்தது."

குமரேசன் அந்தத் தாளை எடுத்துப் படித்தான். பிறகு அதை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினான்.

"இதுல சைன் பண்ணமாட்டேன் சார். மாத்தி எழுதுங்க. எங்கம்மா நின்னதுக்கு ரீசன் இருந்துச்சு. லாரிய எழுதுங்க. நாலு லைட்டும் எரிஞ்சுதுன்னு எழுதுங்க." தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான்.

"கேஸ் இழுக்குமே" என்றார் துணை ஆய்வாளர்.

"இழுக்கட்டும்."

மாற்றி எழுதினார்கள். யாதகிரியும் இடது கையால் கையெழுத்திட்டான்.

திரும்பும்போது நல்ல வெயில். சாலை கடைசிவரை தெரிந்தது.  என் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு குமரேசன் சொன்னான்.

"அங்கிள், காலைல நானும் போட்டேன்ல."

"ஆமாம்" என்றேன்.

"அம்மா சொல்லியிருக்காங்க. சின்ன வயசுலேருந்து சொல்வாங்க. நான் கேட்டதே இல்ல."

அம்மையாரிடமிருந்து என்னிடம் மீந்திருப்பது அந்த இடது இருக்கையின் வேலை. தெரிவதைச் சொல்வது, நினைப்பதைச் சொல்லாமல் இருப்பது. ஆட்டோவிலும் பேருந்திலும் உதடு அசைய அதைச் செய்துகொண்டு வருகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஜபம் செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். இனிமேல் காதில் விழும்படி சொல்ல முயல்கிறேன். என் சுபாவத்துக்கு அது எளிதல்ல. முயல்கிறேன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முதல் நான்கு தலைப்புகளில் ஒரு சொல்லையும் நான் மாற்றப்போவதில்லை. ஐந்தாவதை அடித்துவிட்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். அது ஒழுங்காகாது, எழுதியதை எழுதியபடியே விட்டிருக்கிறேன். யாதகிரி குற்றம் செய்தவன். தெரியாத தூரத்துக்குள் போனான். அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும், சொல்கிறான். லாரிக்காரன் இன்னும் அகப்படவில்லை. ஆனால் இரங்கல் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பனி இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் பத்மநாபனின் காரில் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தேன். அதிலும் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. சங்கத்தின் வாசலில் நின்று, செண்பகவல்லி அம்மையாருக்கு அஞ்சலி செலுத்த வரிசையாக வந்த உங்கள் கார்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் நாலு விளக்குகளும் மின்னின. அவர் வண்டியை மோதியவன் வேறு ரகம் என்று நான் எழுதியது தவறு.